ஓ, ஆ, ஏ: ஸ்பானிஷ் மொழியில் ஒரு விகுதிச் சண்டை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஸ்பானிஷ் படிக்கிறேன் என்று சொன்னதிலிருந்து நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அப்படி எதற்காகத்தான் சண்டை போடுகிறார்கள்?

ஒரே ஒரு எழுத்துக்காக. ஸ்பானிஷில் நிஞோ என்றால் சிறுவன், நிஞா என்றால் சிறுமி. பத்துச் சிறுமிகள் நின்றால் நிஞாஸ். அவர்களோடு ஒரு பையன் வந்து நின்றுவிட்டால் மொத்தக் கூட்டமும் நிஞோஸ் ஆகிவிடும். "எல்லோரும்" என்ற சொல்லுக்கும் அதே விதிதான்: பெண்கள் மட்டும் என்றால் தோதாஸ், ஓர் ஆண் கலந்தாலும் தோதோஸ். "நாங்கள்" என்று சொல்வதற்குக்கூட நொசோத்ரோஸ், நொசோத்ராஸ் என்று இரண்டு சொற்கள் உண்டு.

இந்த வழக்கம் பெண்களைப் பார்வையிலிருந்து மறைக்கிறது என்பது ஒரு தரப்பின் குறை. ஆண், பெண் இரண்டிலும் தன்னைச் சேர்த்துக்கொள்ளாதவருக்கு இந்த மொழியில் உட்காரவே இடமில்லை என்பது இன்னொரு குறை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வாக்குவாதங்கள் எங்கும் போய்ச் சேர்வதில்லை. முதல் குறைக்கு "ஆண்களும் பெண்களும்" என்று சேர்த்துச் சொன்னால் போதும். இரண்டாவதற்கு அது போதாது.

மேசைக்கும் புத்தகத்துக்கும்கூடப் பால் உண்டாமே. அதையும் மாற்றச் சொல்கிறார்களா?

இல்லை. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால், கை பெண்பால், நாள் ஆண்பால். இவற்றில் யாரும் கைவைக்கவில்லை. மனிதர்களைக் குறிக்கும் சொற்களும் அவற்றோடு ஒட்டி வரும் பெயரடைகளும்தான் விவாதப் பொருள். "ஆள்" என்ற பொருளில் வரும் பெர்சோனா எப்போதுமே பெண்பால். மீசை முறுக்கிய போலீஸ்காரரானாலும் அவர் லா பெர்சோனாதான். அதற்காக எந்த ஆணும் கோபித்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆண்பால் பன்மையிலேயே பெண்களும் அடக்கம்தானே? பிறகு என்ன பிரச்சினை?

ஸ்பெயினின் மொழி அமைப்பான ராயல் அகாதெமி சொல்வதும் இதையேதான். ஆண்பால் வடிவம் அவர்கள் பார்வையில் "குறிக்கப்படாத" வடிவம். ஆண்களை மட்டுமும் குறிக்கும், எல்லோரையும் சேர்த்தும் குறிக்கும். எது எப்போது என்பது இடத்தைப் பார்த்தால் புரிந்துவிடும் என்கிறார்கள். இலக்கண விளக்கமாக இதில் தப்பில்லை. தினசரிப் பேச்சில் பெரும்பாலும் அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள்.

ஆனால் "இடத்தைப் பார்த்தால் புரியும்" என்றால், யார் பார்த்தால் புரியும் என்ற கேள்வி வருகிறது. மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன்.

சிலே நாட்டில் 1875-இல், சான் ஃபெலிப்பே என்ற ஊரில் சில பெண்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனார்கள். சட்டத்தில் வாக்குரிமை "சிலேனோஸ்"களுக்கு என்று இருந்தது. சிலே நாட்டவர் என்று பொருள். வடிவம் ஆண்பால் பன்மை. இதில் நாங்களும் அடக்கம்தானே என்று கேட்டார்கள். இலக்கணப்படி சரியான வாதம். 1884-இல் வந்த தேர்தல் சட்டம், பெண்களுக்கு வாக்கில்லை என்று வெளிப்படையாகவே எழுதிக் கதவைச் சாத்தியது.

அர்ஜென்டினாவில் ஹூலியெத்தா லந்தேரி என்ற மருத்துவர் 1911-இல் இதே வழியில் போனார். பியூனஸ் அயர்ஸ் நகரத் தேர்தல் விதிகளில் பெண்கள் கூடாது என்று எங்கும் இல்லை. பெயரைப் பதிந்துகொண்டு, அந்த ஆண்டு நவம்பரில் வாக்கும் போட்டுவிட்டார். பிறகு ராணுவச் சேவைப் பட்டியலில் இருப்பவர்களுக்கே வாக்கு என்று விதி வந்தது. பட்டியலில் ஆண்கள் மட்டுமே இருந்தார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மெக்சிகோ கதை இன்னும் நேரடியானது. 1917-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் குடிமக்களை ஆண்பால் பன்மையில் சொன்னது. அதில் பெண்களும் அடக்கமா என்ற கேள்விக்கு, நடைமுறையில் 36 ஆண்டுகள் இல்லை என்பதே பதில். கடைசியில் 1953-இல் சட்டத்தைத் திருத்தி, "ஆண்களும் பெண்களும்" குடிமக்கள் என்று இரண்டையும் எழுதினார்கள்.

ஆக, வரி கட்டும்போதும் தண்டனை வாங்கும்போதும் பெண்களை உள்ளே சேர்த்துக்கொண்ட அதே பன்மை, வாக்குப்பெட்டி அருகே வந்ததும் அவர்களை வெளியே நிறுத்தியது. குற்றம் இலக்கணத்துடையது அல்ல, அதைப் படித்தவர்களுடையது என்று சொல்லலாம். சரி. ஆனால் இரண்டு விதமாகவும் படிக்க இடம் கொடுக்கும் வடிவத்தை, படிக்கும் அதிகாரம் உள்ளவர் தனக்குத் தோதாகத்தான் படிப்பார். என்னை இந்த விவாதத்துக்குள் இழுத்தது இந்தக் கதைகள்தான். மற்றதெல்லாம் பிறகுதான் படித்தேன்.

உளவியல் பரிசோதனைகளும் உண்டு. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ஆண்பால் பன்மையில் ஒரு தொழிற்பெயரைப் படித்தவர்களின் மனம், அது பெண்கள் நிறைந்த தொழிலாக இருந்தாலும், ஆண்களை நோக்கியே சாய்ந்தது என்று 2008-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

சரி, மாற்றாக என்னதான் சொல்கிறார்கள்?

மிகப் பழையது இரட்டித்துச் சொல்வது: சியுதாதானோஸ் இ சியுதாதானாஸ், அதாவது ஆண் குடிமக்களும் பெண் குடிமக்களும். அரசியல்வாதிகளுக்கு மிகவும் பிடித்த வழி. 2000-இல் மெக்சிகோவின் அதிபரான விசென்தே ஃபாக்ஸ் "சிகியோஸ் இ சிகியாஸ்" என்று பையன்களையும் பெண்களையும் சேர்த்துச் சொல்லியே கேலிக்கும் புகழுக்கும் ஆளானார். வெனிசுவேலாவின் 1999-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் ஒவ்வொரு பதவியையும் இப்படி இரண்டு முறை எழுதுகிறது. உட்கார்ந்து படித்தால் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

அடுத்தது பாலே தெரியாத கூட்டுப்பெயர்களைத் தேடிப் பிடிப்பது. "மாணவர்கள்" என்பதற்குப் பதில் "மாணவர் சமூகம்", "எல்லோரும்" என்பதற்குப் பதில் "மொத்த மக்களும்" என்கிற மாதிரி. சத்தமில்லாத வழி. யாரும் சண்டைக்கு வருவதில்லை, பலர் கவனிப்பதுகூட இல்லை.

பிறகு குறிகள். மின்னஞ்சல் முகவரியில் வரும் அட் குறியைப் பாருங்கள், ஓவுக்குள் ஆ உட்கார்ந்திருப்பது போல இருக்கும். ஸ்பானிஷ் சுவரொட்டிகளில் அதை விகுதியாகப் போட்டார்கள். பிறகு அதன் இடத்துக்கு எக்ஸ் வந்தது. இரண்டையும் எழுதலாம், வாய்விட்டுப் படிக்க முடியாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள்களும் அங்கே தடுமாறும்.

கடைசியாக ஏ. தோதோஸும் வேண்டாம் தோதாஸும் வேண்டாம், தோதேஸ்.

இந்த ஏ யாருடைய யோசனை?

பலர் நினைப்பது போல இது இணையத்தில் பிறந்ததல்ல. அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானதும் அல்ல. அல்வாரோ கார்சியா மெசெகெர் என்ற ஸ்பானியப் பொறியாளர் 1976-இலேயே எழுதியது. ஸ்பானிஷில் ஏ விகுதி ஏற்கெனவே நிறைய இருக்கிறது: எஸ்துதியாந்தே (மாணவர்), இந்தெலிஹெந்தே (புத்திசாலி), அலெக்ரே (மகிழ்ச்சியான). இவை இரு பாலுக்கும் பொது. அதனால் காதுக்கு அந்நியமாக ஒலிக்காது.

நாற்பது ஆண்டுகள் அது ஓர் ஓரமாகக் கிடந்தது. 2018-இல் அர்ஜென்டினாவில் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கும் போராட்டம் பச்சைக் கழுத்துத்துணிகளோடு தெருவுக்கு வந்தபோது, பியூனஸ் அயர்ஸ் பள்ளி மாணவர்கள் தொலைக்காட்சி நிருபர்களிடம் ஏ போட்டே பேசினார்கள். திபுதாதோஸ் (நாடாளுமன்ற உறுப்பினர்கள்) என்பது திபுதாதேஸ் ஆனது. நாடே அதைப் பார்த்துச் சிரித்தது, திட்டியது, அப்புறம் பழகிக்கொண்டது. 2019-இல் பியூனஸ் அயர்ஸ் பல்கலைக்கழகத்தின் சமூக அறிவியல் புலம், மாணவர்கள் இந்த நடையில் எழுதலாம் என்று ஏற்றுக்கொண்டது.

எழுதும்போது சில இடங்களில் இடறும். நண்பன் அமீகோ, தோழி அமீகா. ஏ சேர்த்தால் உச்சரிப்பு கெடாமல் இருக்க நடுவில் ஒரு எழுத்தைச் செருகி அமீகே என்று எழுத வேண்டும். எல், எய்யா (அவன், அவள்) என்பதோடு எய்யே என்ற மூன்றாவது பெயரும் வந்தது. ஆனால் "பெற்றோர்" மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்பானிஷில் பாத்ரே என்றால் அப்பா, பாத்ரெஸ் என்றால் பெற்றோர். சொல்லே ஏகாரத்தில் முடிவதால் மாற்ற ஒன்றுமில்லை, பொருளோ அப்பாக்கள். வகுப்பில் முதல் மாதம் "என் பாத்ரெஸ் மதுரையில் இருக்கிறார்கள்" என்ற வாக்கியத்தை "என் அப்பாக்கள்" என்று மொழிபெயர்த்து வைத்தவன் நான்.

லத்தினெக்ஸ் என்ற சொல்லும் இதே ரகமா?

குடும்பம் ஒன்று, வீடு வேறு. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை லத்தினோ, லத்தினா என்பதற்குப் பதிலாக லத்தினெக்ஸ் என்று அழைப்பது அமெரிக்க ஐக்கிய நாட்டில், ஆங்கிலம் பேசும் சூழலில் பரவியது. மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2018-இல் சேர்த்தது. பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் பிடித்துக்கொண்டன. ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர்களிடம் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, 2020-இல் வெளியான முடிவின்படி 23 சதவீதம் பேரே அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிருந்தார்கள். தங்களைக் குறிக்கப் பயன்படுத்தியவர்கள் 3 சதவீதம். 2024-இல் கேள்விப்பட்டவர்கள் 47 சதவீதம் ஆனார்கள். பயன்படுத்துவோர் 4.

இந்தக் கணக்கு எனக்கு நிறையச் சொல்கிறது. ஸ்பானிஷ் நாக்கில் நிற்காத ஒலியை ஸ்பானிஷ் பேசும் வீட்டுக்குள் கொண்டுபோக முடியவில்லை. இப்போது அதற்குப் பதிலாக லத்தினே என்று சொல்வோர் வந்திருக்கிறார்கள். அது நிற்குமா என்பது வேறு விஷயம், சொல்லவாவது முடிகிறது.

பிலிப்பினோ என்பதற்குப் பதிலாகப் பிலிப்பினெக்ஸ் என்று ஒன்றும் கிளம்பியது. பிலிப்பைன்ஸ் மக்கள் பலர் கோபப்பட்டார்கள். அவர்களுடைய தகலோகு மொழியில் அவன், அவள் இரண்டுக்கும் சியா என்ற ஒரே சொல்தான். இல்லாத நோய்க்கு மருந்து எதற்கு என்று கேட்டார்கள்.

அகாதெமி இதையெல்லாம் தடை செய்துவிட்டதா?

தடை செய்யும் அதிகாரம் அதற்கு இல்லை. அது 1713-இல் தொடங்கிய நிறுவனம். அகராதியும் இலக்கணமும் வெளியிடும், அவ்வளவுதான். ஆனால் அதன் சொல்லுக்கு மரியாதை அதிகம். 2012-இல் அகாதெமி உறுப்பினர் இக்னாசியோ போஸ்கே, பல்கலைக்கழகங்களும் தொழிற்சங்கங்களும் வெளியிட்ட ஒன்பது மொழிக் கையேடுகளை எடுத்துப் பிரித்து ஓர் அறிக்கை எழுதினார். கையேடுகள் சொல்வதை அப்படியே பின்பற்றினால் யாராலும் பேச முடியாது என்பது அதன் சாரம். நியாயமான அறிக்கைதான், பல இடங்களில். 2018-இல் துணைப் பிரதமர் கார்மென் கால்வோ, ஸ்பெயின் அரசியல் சட்டத்தின் மொழியைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டபோது, மாற்றத் தேவையில்லை என்று 2020 ஜனவரியில் பதில் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அகாதெமி தன் இணையப் பக்கத்தில் எய்யே என்ற சொல்லுக்கு விளக்கம் போட்டது. கூச்சல் எழுந்ததும் சில நாட்களில் எடுத்துவிட்டது.

அகாதெமியின் பின்னணியையும் பார்க்க வேண்டும். தனி ஆளாக உட்கார்ந்து மாபெரும் ஸ்பானிஷ் அகராதி ஒன்றைத் தொகுத்த மரியா மோலினேர் 1972-இல் அங்கே ஓர் இருக்கைக்குப் போட்டியிட்டார், கிடைக்கவில்லை. முழு உறுப்பினராக முதல் பெண், கவிஞர் கார்மென் கோந்தே, 1978-இல்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார். நடுநிலையான பன்மை எது என்று 265 ஆண்டுகள் ஆண்கள் மட்டும் கூடித் தீர்மானித்திருக்கிறார்கள்.

பெண் அதிபரைப் பிரெசிதெந்தா என்பது இலக்கணப் பிழை என்கிறார்களே?

பிழை இல்லை. 1803-இலேயே அகாதெமி அகராதியில் ஏறிய சொல் அது. ஆனாலும் அர்ஜென்டினாவின் அதிபராக இருந்த கிறிஸ்தினா ஃபெர்னாந்தெஸ் தன்னைப் பிரெசிதெந்தா என்றே அழைக்கச் சொன்னபோது, "எந்தே என்று முடியும் சொல்லுக்குப் பெண்பால் கிடையாது" என்று இலக்கணம் சொல்ல ஆட்கள் திரண்டார்கள். வேலைக்காரியைச் சிர்வியெந்தா என்றும் கடைப் பணிப்பெண்ணைத் தெபெந்தியெந்தா என்றும் அவர்களே தயங்காமல் சொல்லி வந்தார்கள். இலக்கணம் நாற்காலியின் உயரத்தைப் பார்த்துத்தான் நினைவுக்கு வந்திருக்கிறது.

தலைகீழ்க் கதையும் உண்டு. பெண்களுக்கு உடை தைப்பவர் மோதிஸ்தா. இஸ்தா விகுதி ஆண், பெண் இருவருக்கும் பொது. பல் மருத்துவர் தெந்திஸ்தா, ஆணானாலும் அதேதான். ஆனால் பெரிய உடை வடிவமைப்பாளர்களாக ஆண்கள் வந்ததும் மோதிஸ்தோ என்று புதிதாக ஒரு ஆண்பால் சொல் முளைத்தது. அகராதி அதைச் சேர்த்துக்கொண்டது. மொழி அழிகிறது என்று அப்போது யாரும் மாரில் அடித்துக்கொள்ளவில்லை.

2024 அக்டோபரில் மெக்சிகோவின் முதல் பெண் அதிபராகப் பதவியேற்ற கிளௌதியா ஷேன்பாம் தன் முதல் உரையிலேயே "ஆ போட்ட" பிரெசிதெந்தா என்று அழுத்திச் சொன்னார்.

சட்டம் போட்டுத் தடுத்த இடங்கள் எவை?

பியூனஸ் அயர்ஸ் நகர அரசு 2022 ஜூனில், ஆசிரியர்கள் வகுப்பிலும் பெற்றோருக்கு எழுதும் கடிதங்களிலும் ஏ, எக்ஸ், அட் குறி போடக் கூடாது என்றது. பிள்ளைகளின் வாசிப்புத் திறன் சரிந்ததைக் காரணம் காட்டினார்கள். நடுவில் பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக்கிடந்ததை எதிர்த்தரப்பு நினைவுபடுத்தியது. 2024 பிப்ரவரியில் அர்ஜென்டின அதிபர் ஹவியேர் மிலேயின் அரசு, தேசிய நிர்வாகம் முழுவதற்கும் தடையை நீட்டியது. அதில் "தேவையில்லாமல் பெண்பால் சேர்ப்பதும்" கூடாது என்று இருந்தது. பிரச்சினை ஏ மட்டும் அல்ல என்பது அந்த ஒரு வரியில் வெளியே வந்துவிட்டது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2023 ஜனவரியில் அரசு ஆவணங்களில் லத்தினெக்ஸ் கூடாது என்று ஆளுநர் உத்தரவிட்டார். ஜெர்மனியின் பவேரியாவில் 2024 ஏப்ரல் முதல் பள்ளி, பல்கலைக்கழகம், அரசு அலுவலகங்களில் நட்சத்திரக் குறிக்குத் தடை.

கட்டாயப்படுத்துவதும் தடுப்பதும் எனக்கு ஒன்றாகவே படுகிறது. இரண்டுமே அடுத்தவர் வாய்க்குள் கைவிடுவது.

நட்சத்திரக் குறியா? மற்ற மொழிகளில் என்ன செய்கிறார்கள்?

ஜெர்மனில் ஆண்பால் சொல்லுக்கும் பெண்பால் விகுதிக்கும் நடுவே ஒரு நட்சத்திரம் போடுவார்கள். படிக்கும்போது அந்த இடத்தில் குரலைச் சற்று நிறுத்துவார்கள். கேட்டுப் பழகிவிட்டால் விக்கல் மாதிரி இருக்காது. "மாணவர்கள்" என்பதற்குப் "படித்துக்கொண்டிருப்போர்" என்ற பொருளில் ஷ்டுடீரெண்டே என்று சொல்வது சர்ச்சையில்லாமல் புழக்கத்துக்கு வந்துவிட்டது. சுவீடனில் அவன், அவள் இரண்டுக்கும் பொதுவான ஹென் என்ற சொல் 2015-இல் அங்குள்ள அகாதெமியின் சொற்பட்டியலிலேயே ஏறியது.

பிரெஞ்சில்தான் கோபம் அதிகம். சொல்லின் நடுவே ஒரு புள்ளி வைத்து இரு பால் விகுதிகளையும் எழுதும் முறையை, மொழிக்கு "மரண ஆபத்து" என்று 2017-இல் பிரெஞ்சு அகாதெமி வர்ணித்தது. ஆண்பால் ஏன் பெண்பாலை வெல்கிறது என்பதற்குப் பழைய பிரெஞ்சு இலக்கணக்காரர்கள் மழுப்பவில்லை. ஆண், பெண்ணை விட உயர்ந்தவன் என்பதால் ஆண்பாலே மேலானது என்று 1767-இல் போஸே என்ற இலக்கண ஆசிரியர் நேராகவே எழுதி வைத்தார். "குறிக்கப்படாத வடிவம்" என்ற நாகரிகமான பெயரெல்லாம் பிற்காலத்தது.

பாலே இல்லாத மொழி பேசினால் எல்லாம் சரியாகிவிடுமா?

துருக்கியிலும் பாரசீகத்திலும் அவன், அவள் என்ற வேறுபாடே கிடையாது. ஈரானில் பெண்களின் நிலையைப் பார்த்துவிட்டுப் பதிலை நீங்களே சொல்லுங்கள்.

தமிழில் இந்தச் சிக்கல் இல்லையே?

வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்பானிஷில் பெயரடை பாலைக் காட்டும், வினை காட்டாது. தமிழில் நேர்மாறு. களைப்பாக இருக்கிறேன் என்று நம்மில் யாரும் பால் தெரியாமல் சொல்லலாம். ஸ்பானிஷில் கன்சாதோ, கன்சாதா என்று ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். வந்தவர் ஆணானாலும் பெண்ணானாலும் ஸ்பானிஷில் ஒரே வினை போதும்; நமக்கு வந்தான், வந்தாள்.

பலர்பாலான "அவர்" நம்மைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடுகிறது. பெற்றோர், மாணவர், தலைவர் எல்லாம் அதன் தயவுதான். ஆனால் "அவர்" மரியாதையையும் சேர்த்தே கொண்டுவரும். கூடப் படித்த நெருங்கிய நண்பர் ஒருவர், தன்னை அவன் என்றும் சொல்லாதே அவள் என்றும் சொல்லாதே என்றால், "அவர்" என்றதும் நடுவில் ஒரு மேசை வந்துவிடுகிறது. ஆணும் பெண்ணுமாகப் பிரியாதவர்களைக் குறிக்கும் பெயர்களுக்குத் தனி விகுதி கிடையாது, உயர்திணையின் விகுதிகளையே அவை ஏற்கும் என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. விகுதி இல்லாவிட்டாலும் திணையில் இடம் கொடுத்திருக்கிறது. நம் காலத்தில் திருநங்கை, திருநம்பி, திருநர் என்று சொற்கள் வந்தன. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதன் தொடர்ச்சியாக, மரியாதையான சொற்களின் பட்டியல் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்டது.

மேடையில் "மாணவ மாணவியரே" என்று இழுப்பதும் ஸ்பானியர்களின் இரட்டிப்பேதான்.

நான் ஸ்பானிஷ் கற்கிறேன். எப்படிப் பேசுவது?

தேர்வு எழுதுகிறீர்கள் என்றால் ஏ வேண்டாம், பிழை என்று கோடு விழ வாய்ப்பு அதிகம். மேடையிலும் அலுவலகக் கடிதத்திலும் இரட்டித்து ஒருமுறை விளித்துவிட்டு, மற்ற இடங்களில் கூட்டுப்பெயர்களைப் போட்டுச் சமாளிக்கலாம். பெண் நீதிபதியை ஹுயேஸா என்றும் பெண் மருத்துவரை மெதிகா என்றும் சொல்லத் தயங்காதீர்கள், இரண்டும் அகராதியில் உள்ளவை. எக்ஸ் போட்டு எழுதியதை உரக்கப் படிக்கச் சொன்னால் பலர் ஏ ஆக்கிப் படிக்கிறார்கள், நீங்களும் அப்படியே படிக்கலாம்.

யாராவது தன்னை எய்யே என்று சொல்லச் சொன்னால், வினையைப் பற்றிக் கவலை இல்லை, அது மாறாது. பெயரடையில்தான் கவனம் வேண்டும்: கன்சாதே, கொந்தெந்தே. நாக்கு பழைய பழக்கத்தில் ஓ போட்டுவிட்டால், திருத்திச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். எனக்கு இன்னமும் வாரத்துக்கு இரண்டு முறையாவது சறுக்குகிறது.